பிரம்பு நாற்காலி வைத்த மோட்டார் சைக்கிள்

அறுபதுகளின் பிற்பகுதியில், கொல்லிமலைக்கு ரோடு வெட்டிக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. நான் அந்த வேலையில் ரோடு ரோலர் மெக்கானிக். மலை மேல் செம்மேட்டில் தகரக் கூரை போட்ட சின்ன வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். ரோட்டை மேலிருந்து அடிவாரம் வரை ஒருவழியாக வெட்டி முடித்திருந்தார்கள். தார் போடவில்லை, பஸ்ஸும் விடவில்லை. ஜல்லி ஏற்றிய லாரியும் ஆபீஸ் ஜீப்பும் மட்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் வரும். ஊர் ஜனங்கள் எப்போதும்போல ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் ஏறி இறங்கினார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை தெரியும். தற்பெருமை என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ரோலர் எஞ்சின் லேசாக இருமினால் போதும், பத்தடி தள்ளி நின்றே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். இந்தக் கதையில் நான் ஒரு முட்டாள்தனம் செய்திருக்கிறேன் என்பது உண்மைதான். அதுகூட வேலை தெரிந்தவன் செய்த முட்டாள்தனம்தான்.

மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் உரிக்கிற எஞ்சின் நின்றுபோய், என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதை ஓட வைத்துவிட்டுக் கை கழுவப் போனபோதுதான் கொட்டகை மூலையில் அந்த வண்டியைப் பார்த்தேன். சீமையில் செய்த மோட்டார் சைக்கிள். ஒற்றை சிலிண்டர், நீளமான டேங்க், முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த கனத்த ஃபோர்க். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ரோடே கிடையாது. முன்பு இருந்த வெள்ளைக்காரத் துரை அதைக் கழற்றி, எடப்புளி நாடு என்று சொல்கிற மலை ஊர்களின் ஆட்கள் தலைச்சுமையாகத் தூக்கிவர, மேலே கொண்டுவந்து பூட்டி, தோட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டினாராம். அவர் ஊரைப் பார்த்துப் போய்ச் சேர்ந்த பிறகு, சீட்டின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இதை என்னங்க பண்ணப் போறீங்க?" என்று தோட்டத்துக்காரரைக் கேட்டேன்.

"கோழி எந்திரிச்சதும் எடுத்துட்டுப் போங்க" என்றார் அவர்.

கோழி எழுந்திருக்கப் பத்து நாள் ஆயிற்று. நான் பதினோராம் நாள் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சமையலறையில் பாதி எனக்கு. தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவைச் சேலத்துக்கு அனுப்பிச் சுருள் கட்டி வாங்கினேன். பிஸ்டன் ரிங் கிடைக்கவில்லை. கொஞ்சம் பெரிய அளவு வாங்கி, ஒரு வாரம் அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்தேன். எஞ்சின் கூட்டுக்குள் பேரிங் இறங்க வேண்டுமானால் கூட்டைச் சூடாக்கியாக வேண்டும். அதற்கு என் மனைவி கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, எஞ்சின் கூட்டை உள்ளே இறக்கினேன். ஐந்து நிமிஷத்தில் பேரிங் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. நான் குதித்தேன். அவள் அண்டாவை எட்டிப் பார்த்தாள். மேலே எண்ணெய்ப் படலம் ஏழு நிறத்தில் மிதந்தது.

"இனிமே இதுல உங்க எஞ்சினுக்கே சோறாக்கிப் போடுங்க" என்றாள்.

அப்படிச் சொன்னவள்தான், முதல் உதையிலேயே எஞ்சின் ஓடியபோது தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள்.

அந்தச் சமயத்தில் அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் ஒன்பதாம் மாசம் பெண் வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து விருந்து வைத்து, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். கட்டுச்சோறு என்போம். அவள் தாய்வீடு அடிவாரத்தில், சேந்தமங்கலம் போகிற வழியில் இருந்தது. மலையிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியைக் கீழே கொண்டுபோவது என்றால் டோலிதான். நீளமான மூங்கிலில் கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி உள்ளே படுக்கவைத்து, முன்னால் இருவர் பின்னால் இருவராகத் தோளில் தூக்கி இறங்குவார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ரோடு போட்டவன் நான். என் ரோலர் உருண்ட ரோடு. அதில் என் மனைவியைப் பழைய காலம்போலக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு போவதாவது! என் வண்டியில்தான் போவது என்று முடிவு கட்டினேன்.

பின்சீட்டில் உட்காரவைக்க முடியாது, அந்த அளவுக்கு அறிவு இருந்தது. அதனால் சைடுகார் செய்ய ஆரம்பித்தேன். ரோலர் கொட்டகையில் கிடந்த ஆங்கிள் இரும்பை வளைத்துச் சட்டம் அடித்தேன். சேலத்திலிருந்து ஒரு ரிக்‌ஷா சக்கரத்தை வரவழைத்து, வண்டிக்கு இடது பக்கம் மூன்றாவது சக்கரமாகப் பூட்டினேன். தோட்டத்து பங்களாவில் கால் உடைந்து கிடந்த பிரம்பு நாற்காலியைக் கேட்டு வாங்கி, உடைந்த லாரி சீட்டிலிருந்து எடுத்த சுருள் ஸ்பிரிங் நான்கின் மேல் உட்காரவைத்தேன். மனைவி இலவம்பஞ்சு அடைத்து மெத்தை தைத்தாள். ரோலருக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டை முழு வண்டிக்கும் பூசினேன். முடித்துப் பார்த்தபோது, சொந்தக் கையால் கட்டிய தேர் மாதிரி இருந்தது.

கடைசி வேலை சக்கரங்கள். சக்கரத்துக்குள்ளே உரசிப் பிடிக்கிற பிரேக் பட்டையை, அதாவது லைனிங்கை, புதிதாக ரிவெட் அடித்தேன். சக்கரத்தின் நடுப்பகுதியில் பேரிங்கைச் சுற்றிக் கிரீஸ் அடைத்தேன். ரோலரில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது கிரீஸ் உள்ளே போகப் போகப் பழையது வெளியே வழிய வேண்டும். வழிந்தால்தான் நிறைந்தது என்று அர்த்தம். நான் அதே கையோடு இரண்டு சக்கரத்திலும் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி அடைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி பார்த்துவிட்டு, "இத்தனையா போடுவீங்க? தலைக்கு எண்ணெ வெச்சாக்கூட நெத்தியில வழியாத அளவுக்குத்தானே வெப்போம்?" என்றாள்.

"ரோலருக்கு இப்படித்தான்."

"இது ரோலருங்களா?"

கீரை ஆய்கிறவளுக்குக் கிரீஸைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு மாசம் அந்த வண்டியை மலை மேலேயே ஓட்டிப் பார்த்தேன். சந்தை நாளில் ஒரு அம்மாவிடம் கூடை நிறைய முட்டையை இரவல் வாங்கி நாற்காலியில் வைத்து, செம்மேட்டை நாலு சுற்றுச் சுற்றினேன். ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு முட்டைகூட உடையவில்லை. கூடையை அப்படியே கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன்.

"முட்டைக்கு இடுப்பு வலி வராதுங்க" என்றாள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஆசைதான். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள்.

கட்டுச்சோறு அன்று மாமனாரும் மாமியாரும் உறவுக்காரர்கள் நாலு பேரோடு நடந்தே மேலே வந்தார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு என்று வாழை இலை வாசத்தோடு வீடு நிறைந்தது. மாமியார் வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார்.

"ஏனுங் மாப்ளெ, புள்ளத்தாச்சிய இதுல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வாரதுங்களா?"

"முட்டையே உடையலீங்க அத்தை" என்றேன்.

மாமனார் மரியாதை தெரிந்த மனிதர். ஆனால் வருகிற வழியிலேயே எடப்புளி நாட்டில் ஒரு ஊரில் நின்று, டோலி தூக்க நாலு பேருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். "ஒரு பேச்சுக்குச் சொல்லி வெச்சேனுங்க. மாப்ள இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். கீழே பெண்ணை ஆரத்தி எடுத்து அழைக்க வேண்டுமே என்று பெரியவர்கள் எல்லோரும் மறுநாள் விடியும்போதே நடந்து இறங்கிவிட்டார்கள்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் நாலு பேர் வந்து நின்றார்கள். தோளில் மூங்கிலும் சுருட்டிய கம்பளியும். முன்னால் நின்றவனுக்கு என் வயசுதான் இருக்கும். வாய் நிறைய வெற்றிலை. பேச்சு குறைவு.

"டோலி வேண்டாமுங்க. வண்டியில போறோம். நீங்க போகலாம்" என்றேன்.

"சரிங்க சாமி" என்றான் அவன். சொல்லிவிட்டு, நாலு பேரும் எதிர் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். போகவில்லை.

வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். மனைவி கை நிறைய வளையலும் தலை நிறையப் பூவுமாக நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை. மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே எஞ்சின் தடதடவென்று ஒரே தாளத்தில் ஓடியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எந்த வண்டியிலும் உட்கார்ந்ததில்லை.

இறக்கம் ஆரம்பித்தது. முதல் கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் திரும்பும்போது, மேலே புதருக்குள்ளிருந்து நாலு பேர் இறங்கி, ரோட்டைக் குறுக்கே கடந்து, கீழே புதருக்குள் மறைந்தார்கள். தோளில் மூங்கில். சுருட்டிய கம்பளி.

"அவங்கதானுங்க!" என்று மனைவி கையை ஆட்டினாள்.

ரோடு வளைந்து வளைந்து போகும். ஒற்றையடிப் பாதை நேராக வெட்டிக்கொண்டு இறங்கும். நான் ஒரு மைல் சுற்றி வரும் தூரத்தை அவர்கள் நூறு தப்படியில் முடித்துவிடுவார்கள். ஆறாவது வளைவிலும் அவர்கள். எட்டாவதிலும் அவர்கள். எனக்குச் சுருக்கென்றது. வண்டியை நிறுத்தினேன்.

"ஏனுங்க, நாந்தான் வேண்டாம்னு சொன்னனே. எதுக்குங்க கூடவே வர்றீங்க?"

முன்னால் வந்தவன் வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னான்: "இது நாங்க நடக்கற வழிங்க சாமி. உங்க வழியில நாங்க வரலீங்களே."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு பேர் வெறும் காலில் நடந்து, சீமை எஞ்சினைத் தோற்கடிப்பதா? அடுத்த வளைவுக்கு அவர்களுக்கு முன்னால் போய்க் காட்டுகிறேன் என்று விரட்டினேன்.

நேர் ரோட்டில் விடுவேன். வளைவுக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்துவேன். திரும்பவும் விடுவேன். திரும்பவும் அழுத்துவேன். இரண்டு வளைவில் ஜெயித்தேன். மூன்றாவதில் அவர்கள் ஜெயித்தார்கள். பிறகு நான் இன்னும் வேகமாக விட்டேன். மனைவி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, ஏதோ கருகற வாசம் வருது."

"புதுப் பெயின்ட்டு. சூட்டுக்கு அப்படித்தான்" என்றேன்.

பெயின்ட் இல்லை. மலை மேல் ஒரு மாசம் ஓட்டினேனே, அங்கே சமதரை. பிரேக்கை இத்தனை தரம் அழுத்தவே வேலை வரவில்லை, அதனால் சூடும் ஏறவில்லை. இங்கே ஓயாத இறக்கம். சக்கரத்தின் நடுப்பகுதி காய்ந்து பழுத்து, நான் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி அடைத்த கிரீஸ் அத்தனையும் உருகி, நெய்யாக ஓடி, பிரேக் லைனிங்கில் பாய்ந்துகொண்டிருந்தது. எண்ணெய் தடவிய கையால் எதைப் பிடிக்க முடியும்?

அடுத்த வளைவுக்கு முன்னால் கைப்பிரேக்கை அழுத்தினேன். ஹேண்டில் வரைக்கும் வந்து ஒட்டியது. வண்டி நிற்கவில்லை. கால்பிரேக்கை மிதித்தேன். அதுவும் வெண்ணெயில் மிதித்த மாதிரி போயிற்று. சரி, கியரை இறக்கி எஞ்சினை வைத்தே பிடிப்போம் என்று இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கப் போனேன். அவசரத்தில் கியர் நடுவில் நின்றுவிட்டது. எஞ்சின் சும்மா கத்தியது. வண்டி தன் பாட்டுக்கு உருண்டது.

இடது பக்கம் பள்ளம். அந்தப் பக்கம்தான் என் மனைவியும் குழந்தையும்.

அந்த வளைவில் எப்படித் திரும்பினேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. நாற்காலிச் சக்கரம் தரையை விட்டு எழும்பி, திரும்பத் தரையில் விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ரோட்டில் எந்த இடத்தில் என்ன குவித்திருக்கிறார்கள் என்பது என் உள்ளங்கை மாதிரி. வளைவு தாண்டி, வலது பக்கம் மலையை ஒட்டி, சின்னப் பாலம் கட்ட மணல் கொட்டி வைத்திருந்தார்கள். ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்து, முன்சக்கரத்தை அதற்குள் கொண்டுபோய்ச் செருகினேன். மோதுகிற அடி என் பக்கம் விழட்டும் என்று நினைக்க நேரம் இருந்தது. நான் ஹேண்டிலுக்கு மேல் பறந்து மணலின் அந்தப் பக்கம் போய் விழுந்தேன். நாற்காலி அரை வட்டம் சுழன்று, மணலில் சாய்ந்து நின்றது.

சத்தம் நின்றது. எழுந்து ஓடினேன். முழங்கையும் உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தது அப்போது தெரியவில்லை.

அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். தலை, பூ, புடவை எல்லாம் மணல். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி எதையோ கேட்பது போல இருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"முட்ட ஒடையலீங்க" என்றாள்.

நான் அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சத்தம் போட்டு அழுதேன்.

அழுது முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது. இடுப்பில் கையை வைத்து முனகினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை. வலி எடுத்துவிட்டது. அடிவாரம் இன்னும் வெகுதூரம். லாரி வருமா வராதா தெரியாது. வண்டி மூக்கை மணலில் புதைத்துக் கிடக்கிறது. என் வேலை, என் கெட்டிக்காரத்தனம் எதுவும் அந்த இடத்தில் செல்லாது.

மேலே சரசரவென்று மண் சரிந்தது. நாலு பேரும் பாதையில்கூட வரவில்லை, எஞ்சின் கத்தின சத்தத்தைக் கேட்டுச் சரிவிலேயே சறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டான். மற்ற மூன்று பேரும் மூங்கிலைப் போட்டார்கள், கம்பளியை விரித்தார்கள், முடிச்சுப் போட்டார்கள். என் மனைவியை "அம்மிணி, பயப்படாதீங்க" என்று சொல்லி, பூவைத் தூக்குவதுபோலத் தூக்கிப் படுக்கவைத்தார்கள்.

கணுக்கால் பிசகியவன் வண்டிக்குக் காவலாக மணலிலேயே உட்கார்ந்துகொண்டான்; நாலாவது தோள் இல்லை. நான் போய் நின்றேன்.

முன்னால் நிற்பவன் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். "கடைசியில நில்லுங்க சாமி. ரோட்டப் பாக்காதீங்க. உங்களுக்கு முன்னால போறவன் காலப் பாருங்க. அவன் வெக்கற எடத்துல வெய்யுங்க."

அப்படித்தான் இறங்கினோம். ரோட்டை விட்டு, அவர்கள் வழியில். கல்லும் வேருமாக, செங்குத்தாக இறங்குகிற வழி. எனக்கு முன்னால் போனவனின் வெடித்த குதிகாலைத் தவிர நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அவன் வைத்த இடத்தில் வைத்தேன். முதலில் என் தோளில் மூங்கில் குதித்தது. கொஞ்ச தூரம் போனதும் நாலு பேர் நடையும் ஒன்றாகி, மூங்கில் குதிப்பது நின்றது. கம்பளி அசையாமல் போயிற்று. நாலு ஸ்பிரிங் போட்டு நான் செய்ய நினைத்ததை, நாலு பேர் நடை செய்துவிட்டது.

வழியில் மூச்சு வாங்கியபடி முன்னால் போகிறவனிடம் கேட்டேன். "நான் போகச் சொல்லியும் ஏங்க வந்தீங்க?"

"வெத்தல வாங்கி மடியில வெச்சுட்டமுங்க. அம்மிணி கீழ போய்ச் சேர்ற மட்டும் அது எங்க பாரமுங்க."

"நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டனே."

"வெத்தல குடுத்தது நீங்க இல்லீங்களே. குடுத்தவரு சொல்லோணும்."

கொஞ்ச தூரம் போனதும் அவனே திரும்பாமல் சொன்னான்: "அந்த எஞ்சின மேல தூக்கிட்டு வந்தவங்கள்ல எங்கப்பனும் ஒருத்தருங்க. அவரு தல மேல வெச்சுத் தூக்குனத நீங்க கீழ உருட்டிட்டீங்க."

கம்பளிக்குள்ளிருந்து, வலிக்கு நடுவில், என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

அடிவாரத்தில் மாமனார் மாட்டு வண்டியோடு நின்றிருந்தார். என் தோளில் மூங்கிலைப் பார்த்தார், உரிந்த கையைப் பார்த்தார். அந்த மூன்று பேருக்கு முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். ஆரத்தித் தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பொழுது சாய்வதற்குள் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் முன்கூட்டி வந்துவிட்டாள், அவ்வளவுதான். மற்றபடி அவள் அழுத சத்தத்துக்கு ரோலரே தேவலை.

வண்டியை நான் விடவில்லை. விடுவேனா? லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோய், இரண்டு சக்கரத்தையும் கழற்றி, கிரீஸ் அத்தனையையும் வழித்தெடுத்தேன். ஒரு சட்டி நிறைய வந்தது. பெட்ரோலில் கழுவி, புது லைனிங் அடித்து, பேரிங்குக்கு மட்டும் விரல் நுனியில் தொட்டுத் தடவினேன், தலைக்கு எண்ணெய் வைக்கிற அளவு. பிறகு தனியாக உட்கார்ந்து, மேலிருந்து அடிவாரம் வரைக்கும் மூன்று தரம் போய் வந்தேன். பிரேக் பிடித்த இடத்தில் கல் மாதிரி நின்றது.

மூன்றாம் மாசம் மனைவியையும் குழந்தையையும் அழைத்துவர நாள் பார்த்தார்கள். அதற்கு முந்தின நாள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு எடப்புளி நாட்டுக்கு நடந்தே போனேன். டோலிக்கு முன்னால் தோள் கொடுத்தவன் வாசலில் மூங்கில் சீவிக்கொண்டிருந்தான். தட்டை நீட்டினேன்.

"இது எதுக்குங்க சாமி?"

"வீட்டுக்காரியும் குழந்தையும் மேல வரணுங்க."

"வண்டி என்னாச்சுங்க?"

"நல்லா ஓடுதுங்க."

"அப்ப அதுலயே கூட்டிட்டு வாங்க. ஏத்தத்துல பிரேக்குக்கு வேல இல்லீங்களே" என்றான். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் கை நீட்டி வெற்றிலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் அடிவாரத்தில் நாலு பேரும் நின்றிருந்தார்கள். பிசகின கணுக்கால்காரனும் வந்திருந்தான். தோளில் மூங்கில், சுருட்டிய கம்பளி. மனைவி குழந்தையை மடியில் வைத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். வண்டி ஏறத் தொடங்கியது. முதல் வளைவில் அவர்கள் புதரை விலக்கிக்கொண்டு ரோட்டுக்கு வரும்வரை நிறுத்திக் காத்திருந்தேன். அவர்கள் கடந்ததும் எடுத்தேன். அடுத்த வளைவிலும் நிறுத்தினேன். அதற்கடுத்ததிலும் நிறுத்தினேன்.

"இப்படிப் போனா மத்தியானச் சோத்துக்கு ஊடு போய்ச் சேர மாட்டமுங்க" என்றாள் மனைவி.

"போகட்டும்" என்றேன்.

எத்தனையோ எஞ்சினைப் பிரித்துப் பூட்டிவிட்டேன், என் கைவேலை மேல் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை ஒரு நூல்கூடக் குறையவில்லை. ஆனால் நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் எனக்காக யாரோ ஒருவர் புதருக்குள் நடந்து வந்துகொண்டிருக்கலாம் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், என் கால் தானாகவே பிரேக்கைத் தேடிப் போகிறது.